சீர்த் தட்டில் வந்த கேம் சிடி

எனக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தபோது மாமா கொண்டுவந்த சீரில் இருபத்தொரு தட்டுகள் இருந்தன. அவற்றில் இருபது தட்டுகள் எல்லோர் வீட்டுச் சீரிலும் இருப்பவைதான். பட்டுப்புடவை, வளையல், ஆப்பிள், ஆரஞ்சு, லட்டு, கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. இருபத்தோராவது தட்டில், வெற்றிலை பாக்குக்கு நடுவே, நான்கு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் வைக்கப்பட்ட ஒரு வீடியோ கேம் சிடி இருந்தது. அதன் அட்டையில் ஒரு பையன் சக்கரம் வைத்த பலகையோடு அந்தரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். வந்திருந்த பெண்கள் பட்டுப்புடவையைக்கூட அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு அதைத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "என்னாடி இது, பொம்பளப் புள்ள சீர்ல ஒருத்தன் தலைகீழா தொங்கறான்" என்று பெரியம்மா கேட்டது விழா வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. துபாயில் வேலை பார்த்த சித்தப்பா அதற்கு முந்தின வருஷம் லீவில் வந்தபோது கறுப்பு நிறத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்திருந்தார். அதோடு மாதிரிக்கு ஒரு சிடியும் வந்தது. அதில் ஐந்தாறு விளையாட்டுகளின் முதல் துண்டு மட்டும் இருக்கும், ருசி பார்க்கக் கொடுக்கிற மாதிரி. அதில் ஒன்றுதான் இந்த ஸ்கேட்போர்டு விளையாட்டு. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தெரு. ஹெல்மெட்டும் முழங்கால் கட்டும் போட்டுக்கொண்டு ஒரு பெண் பலகைமேல் நிற்பாள். அவளைப் படிக்கட்டில் தாவவைக்கலாம், கைப்பிடிக் கம்பியில் ஏற்றி வழுக்கவைக்கலாம், அந்தரத்தில் பலகையைச் சுழற்றிவிட்டு மறுபடி அதன்மேலேயே இறக்கலாம். எல்லாம் இரண்டே நிமிஷம். அதற்குள் திரை இருண்டு, முழு விளையாட்டு விரைவில் வருகிறது என்று அறிவிப்பு வந்துவிடும்.

அந்த அறிவிப்புக்குக் கீழே நாலைந்து கம்பெனிப் பெட்டிகளின் சின்னங்கள் வரிசையாக இருக்கும். புதுப் படத்தின் சுவரொட்டியில் அடியில் தியேட்டர் பெயர்களைப் போடுவார்களே, அந்த மாதிரி என்று நான் எடுத்துக்கொண்டேன். எந்தத் தியேட்டரில் ஓடினாலும் படம் ஒன்றுதானே. இந்தப் புத்திசாலித்தனம் எனக்கு மட்டும் இருந்ததென்றால் கதையே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

ஒரு வருஷம் அந்த இரண்டு நிமிஷத்தையே திரும்பத் திரும்ப விளையாடினேன். அந்தத் தெருவின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் செருப்பைக் கழற்றிவிட்டு மலையைச் சுற்றி நடக்கிற ஊர். அந்த ஊரில் இருந்துகொண்டு, ஸ்கூல் வேன் கிரிவலப் பாதையில் போகும்போதெல்லாம் நடைபாதையின் ஓரக்கல்லைப் பார்த்து, இதில் ஏறி வழுக்கினால் அடி அண்ணாமலைவரைக்கும் நிற்காமல் போகலாம் என்று நினைத்துக்கொள்வேன். சாமி கும்பிடும்போதுகூட முழு விளையாட்டு சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மாமா என்று சொன்னேன் அல்லவா, அவர் அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். வேங்கிக்காலில் மனை பிரித்து விற்றபோது அப்பாவும் அவரும் பேசிவைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கினார்கள். நடுவில் ஒரு மதில் சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை, நடந்தே போய்விடலாம். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு கதவு, வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் பத்து நிமிஷ நடை. அப்பாவுக்கு வாழ்க்கையில் வேறு குறை இல்லாமல் இருந்தது. மாமாவின் மனை எங்களுக்கு மலைப் பக்கத்தில் இருந்தது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின வருஷக் கார்த்திகை தீபத்துக்கு அப்பா தன் அதிகாரியைக் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்திருந்தார். எங்கள் மாடியில் நின்றால் மலை உச்சி அப்படியே தெரியும் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருந்தார். மாமா அப்போதுதான் தன் வீட்டில் மேல்மாடி எழுப்பியிருந்தார். அந்த வாரம் அதன் தலையில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர் டேங்கையும் உட்காரவைத்திருந்தார். அப்பா அதைக் கவனித்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் மலை இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதில்லை. இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே அரோகரா என்று முழங்கியது. எங்கள் மாடியில் இருந்தவர்களும் கைகூப்பி அரோகரா என்றார்கள். எதிரே டேங்க் இருந்தது. அதன் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. அதிகாரியின் மனைவி நல்ல மாதிரி. "பின்னாடிதாங்க ஏத்தியிருக்காங்க, பரவால்ல" என்று அப்பாவைத் தேற்றினார். அந்த நேரம் பார்த்து, மாமா தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், இங்க வாங்க சார், இங்க நல்லாத் தெரியுது" என்று கூப்பிட்டார். அவர் மனசில் ஒன்றும் இல்லை, விருந்தாளிகளுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். அதிகாரி, மனைவி, பிள்ளைகள் என்று எல்லோரும் இறங்கிச் சின்னக் கதவு வழியாக அந்த மாடிக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் உபசரிக்கப் போனாள். நானும் ஓடினேன். அப்பா மட்டும் சுண்டல் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு டேங்குக்கு எதிரே நின்றார்.

அன்றோடு அப்பா மாமாவிடம் பேசுவதை நிறுத்தினார். டேங்கை வேறு பக்கம் மாற்றிவிடுகிறேன் என்று மாமா அம்மா மூலமாகச் சொல்லியனுப்பினார். "அவன் வீட்டு டேங்க்கு, அவன் எங்க வேணா வெச்சுக்கட்டும். என்கிட்ட எதுக்குக் கேக்கறான்" என்று அப்பா பதில் சொல்லியனுப்பினார். சின்னக் கதவு சாத்தியே கிடந்தது. அம்மாவின் பெற்றோர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தத் தம்பி வீடு ஒன்றுதான். துணி உலர்த்தும்போது மதிலுக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் அத்தையும் தலை மட்டும் தெரியப் பேசிக்கொள்வார்கள். அப்பா வீட்டில் இருந்தால் அதுவும் கிடையாது. அம்மாவைப் போகக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். ஒன்றும் சொல்லாத மனுஷனோடு என்ன சண்டை போடுவது?

பத்து மாதம் இப்படிப் போனது. அப்புறம் நான் பெரியவளானேன்.

இந்தச் செய்தி எனக்குத் தெரிந்ததைவிட வேகமாக ஊருக்குத் தெரிந்துவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். என்னை ஓர் அறையில் தனியாக உட்காரவைத்து, உளுந்தங்களியும் முட்டையும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இனிமேல் ஓடக் கூடாது, தாவக் கூடாது, மாடிப்படியில் தடதடவென்று இறங்கக் கூடாது என்று பெரியம்மா ஒவ்வொரு வேளையும் ஒன்று கூட்டிச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீடியோ கேம் பெட்டியோ ஹாலில் இருந்தது, அங்கே போகவும் தடை. நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவேயில்லை, எல்லோரும் வேறு சந்தோஷமாக இருந்தார்கள்.

தாய்மாமன் இல்லாமல் மஞ்சள் நீராட்டு நடக்காது. அப்பா நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். "வரட்டும், செய்ய வேண்டியதைச் செய்யட்டும், நானா வேணாங்கறேன்" என்றாரே தவிர, எழுந்திருக்கவில்லை. கடைசியில் பெரியப்பாதான் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அப்பா வரவில்லையா என்று மாமா கேட்டதற்கு, அவனுக்கு முட்டி வலி, நடக்க முடியல என்று பெரியப்பா சொல்லிவிட்டு வந்தார். அது பன்னிரண்டடி தூரம்.

மாமா அன்று சாயங்காலமே அம்மாவிடம் மதில் வழியாக, பாப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மா வந்து என்னைக் கேட்டாள். நான் யோசிக்கவேயில்லை. முழு விளையாட்டு வந்துவிட்டது என்று பள்ளியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். பெயரைச் சொன்னேன்.

விழாவன்று மாமா மேளதாளத்தோடு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து நேரே வந்தால் மேளக்காரர் ஒரு தட்டு தட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்பதால், சீர்த் தட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு எதிர்த் திசையில் கிளம்பி, மெயின் ரோட்டுப் பிள்ளையார் கோயிலைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் கழித்து எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பா வாசலில் நின்று வாங்க என்று வரவேற்றார். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் இருந்த மேளக்காரரைப் பார்த்து வரவேற்றார். மாமா எனக்கு மாலை போட்டார். தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பெரியம்மா தலைகீழாகத் தொங்கியவனைப் பற்றிக் கேட்டாள்.

விருந்தாளிகள் கிளம்பியதும், பட்டுப்புடவையோடும் தலைநிறையப் பூவோடும் நான் ஹாலுக்கு ஓடினேன். ஓடாதே என்று நாலு பேர் கத்தினார்கள். சிடியைப் பெட்டியில் போட்டேன். பெட்டி கரகரவென்று கனைத்தது, யோசித்தது, பிறகு இது இந்தப் பெட்டிக்கான சிடி அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. மூன்று தடவை துடைத்துப் போட்டேன். மூன்று தடவையும் அதே வரிதான்.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். எந்தப் பெட்டிக்கானது என்று அதன் மேல் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். சரியாக அந்த இடத்தில் அத்தை பெரிய மஞ்சள் பொட்டாக வைத்திருந்தாள். நகத்தால் சுரண்டினேன். உள்ளே வேறு பெயர் இருந்தது. மாமாவுக்கு ஒரு பையன், அப்போது ஆறு வயது. அவனுக்காக மாமா வாங்கியிருந்த வெள்ளைப் பெட்டியின் பெயர் அது.

நடந்தது இதுதான். வேலூரில் தான் வழக்கமாகச் சரக்கு எடுக்கிற கடைக்கு மாமா போன் செய்து விளையாட்டின் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு வெள்ளைப் பெட்டி விற்றவரே அந்தக் கடைக்காரர்தான். அவர் வெள்ளைப் பெட்டிக்கானதைக் கொடுத்தனுப்பிவிட்டார். விழா அவசரத்தில் மாமா பார்க்கவில்லை, அத்தை மஞ்சளைப் பூசி மூடிவிட்டாள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவோ பத்து மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "பத்து வருஷமா கடை வெச்சிருக்கான், எந்தப் பெட்டிக்கு எந்த சிடினு தெரியல பாரு" என்று அம்மாவிடம், பெரியப்பாவிடம், பாத்திரம் எடுக்க வந்த சமையல்காரரிடம் எல்லாம் சொன்னார். மாமா பதறிப்போய், மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியனுப்பினார். பெரியம்மா குறுக்கே வந்தாள். "மஞ்சள் வெச்சு சபையில வெச்சாச்சு. தாய்மாமன் சீரைத் திருப்பிக் குடுத்தா புள்ளைக்கு ஆகுமா?" என்றாள். பெரியம்மாவுக்கு எதிராகப் பேச எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. சிடி வீட்டில் இருக்கும், ஆனால் ஓடாது என்று ஆனது.

அப்போதுதான் அப்பா எல்லோர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "அழாத பாப்பா. நாளைக்கு ஆபீஸ் வேலையா வேலூர் போறேன். சரியான சிடியா நான் வாங்கிட்டு வரேன். யாருக்கு விவரம் ஜாஸ்தினு பாத்துடலாம்." எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் அப்பா போன கையோடு, பெரியப்பாவும் பெரியம்மாவும் பஸ் ஏறியதும், அம்மா அந்தச் சின்னக் கதவைத் திறந்து என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். சிடி கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் போகிறோம் என்று என்னிடம் ஏன் சொன்னாளோ தெரியாது. வெள்ளைப் பெட்டி மறுபேச்சுப் பேசாமல் சிடியை வாங்கிக்கொண்டது. என் இரண்டு நிமிஷத் தெருவுக்குப் பின்னால் ஒரு ஊரே இருந்தது. பள்ளிக்கூடம், துறைமுகம், தண்ணீர் இல்லாத நீச்சல் குளம். தாவக் கூடாது என்று சொன்ன ஒவ்வொருத்தர் பெயரையும் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை தாவினேன். பெரியம்மாவுக்காக ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்தே தாவினேன். உள்ளே சமையலறையில் அம்மாவும் அத்தையும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா அப்படிச் சிரித்து நாளாயிற்று என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. சத்தம் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று டிவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்டருகே நின்றுகொண்டேன். இனி எப்போது வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல், என் வீட்டிலேயே, என் பெட்டியிலேயே விளையாடலாம். அப்பா வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். கையில் ஆபீஸ் பை மட்டும் இருந்தது. அதைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். டிபன் பாக்ஸ், ஃபைல், தண்ணீர் பாட்டில்.

"கெடைக்கல பாப்பா. மூணு கடை ஏறி எறங்கினேன். அந்தப் பெட்டிக்கு வரதே இல்லையாம்."

நான் சொன்னதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. "உனக்கு ஒரு சிடி வாங்கத் தெரியல. மாமாவாவது தப்பா வாங்கினாரு. உனக்கு அதுகூடத் தெரியல" என்றேன். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா தடுத்துவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைகால் கழுவிக்கொண்டு வந்தார். நான் இன்னும் அங்கேயே நின்று, அப்படியானால் நான் மாமா வீட்டுக்குத்தான் போவேன், தினமும் போவேன் என்று மிரட்டினேன்.

"போயேன். சீர்ல வந்ததை வீணாக்கக் கூடாதுன்னு உங்க பெரியம்மாவே சொல்லியிருக்காங்க. ஆறு மணிக்கு நான் வந்து கூப்பிடுவேன், உடனே வந்துடணும்."

அடம்பிடித்தால் அப்பாவை வளைத்துவிடலாம் என்று அன்று நான் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் பல தடவை முயற்சி செய்தும் அது ஒரு தடவைகூடப் பலிக்கவில்லை.

ஆறு மணிக்குக் கூப்பிட அவர் சின்னக் கதவு வழியாக வரவில்லை. தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய், மாமா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று, பாப்பா என்று ஒரு குரல் கொடுத்தார். உள்ளே பார்க்கவில்லை. விளையாட்டைப் பாதியில் விட முடியாது, இதோ வருகிறேன் என்று நான் கால் மணி நேரம் ஓட்டினேன். அவரும் கால் மணி நேரம் தெருவைப் பார்த்தபடி நின்றார். மறுநாள் கேட்டுக்கு உள்ளே, நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. மாமா கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தன் கையாலேயே துடைத்துப் போட்டுவிட்டுப் போனார் என்று அவர் பையன் சொன்னான். அப்பா அதன்மேல் கையை மட்டும் ஊன்றிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாலாம் நாள் அத்தை ஒரு டம்ளர் டீயை மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ஆறி ஆடை படிகிறவரை அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார்.

அடுத்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாற்காலி போர்ட்டிகோவுக்கு நகர்ந்தது. போர்ட்டிகோவிலிருந்து ஹால் ஜன்னல் வழியாக டிவி தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தவர் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கம்பி பக்கத்துலயே போறியே, அதுல ஏறினா என்னா?" என்று ஜன்னல் வழியாக யோசனை சொன்னார். ஏற முடியாது, தூரம் போதாது என்றேன். "பின்னாடி போய்ட்டு வா, வேகமா வா" என்றார். போய்விட்டு வந்தேன். ஏறிவிட்டது. அதோடு அவருக்கு ஜன்னல் பத்தவில்லை, ஹாலுக்குள் வந்துவிட்டார். அப்பா உள்ளே வந்ததைப் பார்த்து அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் அப்போது நான் துறைமுகத்தில் இருந்தேன்.

இரண்டு நாள் பின்னால் நின்று குறை சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் குடு இங்கே என்று அப்பா என் கையிலிருந்ததை வாங்கினார். முப்பது வருஷமாக ஃபைல் பிடித்த கை. பலகைப் பெண் கிளம்பினாள், நேராகச் சுவரில் போய் மோதி விழுந்தாள். மறுபடி கிளம்பினாள், மறுபடி சுவர். தாவவைக்க வேண்டும் என்று அப்பா எல்லா பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்கினார், தானும் சேர்ந்து நாற்காலியில் எழும்பினார். மாமா பையன் தரையில் உருண்டு சிரித்தான். அன்று கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்ட மாமா, ஹால் வாசலில், நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஐந்தாவது தடவை சுவரில் மோதியபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, அமுக்கிட்டே இருக்கணும். அப்புறம் விடணும். விட்டாத்தான் எகிறும்."

அப்பா திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடியே கேட்டார்.

"எதை?"

பத்து மாதத்துக்குப் பிறகு மாமாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாமா செருப்போடேயே உள்ளே வந்து, குனிந்து, அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துச் சரியான பட்டன்மேல் வைத்தார். அப்பா அமுக்கினார், பிடித்துக்கொண்டிருந்தார், விட்டார். அந்தப் பெண் எகிறினாள். ஒரு படிக்கட்டையே தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். "தாண்டிட்டா மச்சான்" என்றார் அப்பா. சமையலறையில் அம்மா குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, என் முறை போய்க்கொண்டிருந்தது. அன்று மணி ஏழரையாகியும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த வருஷத் தீபத்தை மாமா மாடியில் நின்று எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அதிகாரி குடும்பமும் வந்தது. டேங்க் இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். மாமா தப்பான சிடி வாங்கிய கதை எங்கள் குடும்பத்தின் நிரந்தரச் சொத்தாகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும், பந்தியில் அப்பா அதை ஒரு தடவை சொல்லாமல் எழுந்ததில்லை. மாமாவும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து போயிருந்தேன். அப்பா ரிட்டயராகிவிட்டார். மாமாவின் பையன் இப்போது காலேஜில் படிக்கிறான். மத்தியானம் எல்லோரும் மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா வழக்கம்போல, "பத்து வருஷமா கடை வெச்சிருந்தான்" என்று ஆரம்பித்தார். மாமாவுக்கு அன்று என்ன தோன்றியதோ.

"நான் தெரியாமத் தப்பா வாங்கினேன் மாமா. நீங்க சரியானதைக் கையில எடுத்துப் பாத்துட்டு வெச்சிட்டு வந்தீங்களே, அதுக்கு என்னா சொல்றது?" என்றார்.

அப்பா குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தார். அம்மாவுக்கே இது புதுச் செய்தி என்று அவள் முகத்தில் தெரிந்தது. மாமாதான் சொன்னார். அப்பா ஏறி இறங்கிய கடைகளில் மூன்றாவது, மாமா சரக்கு எடுக்கிற கடை. அந்தக் கடைக்காரர் என் விழாவுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர், அதனால் அப்பாவை அடையாளம் தெரிந்திருக்கிறது. அன்று மத்தியானமே மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் சொன்னதை மாமா அப்படியே திருப்பிச் சொன்னார். "உங்க மாமா வந்தாருங்க. கறுப்புப் பெட்டிக்கானதை எடுத்துக் குடுத்தேன். ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்தாரு. இது இருந்தா பாப்பா வீட்டுலயே விளையாடிக்குவாளானு கேட்டாரு. ஆமாங்கனு சொன்னேன். அப்ப வேணாங்கனு வெச்சிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுனு கிளம்பிட்டாரு."

அதனால்தான் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டதாகவும், இத்தனை வருஷமும் பந்தியில் தலைகுனிந்து சிரித்ததாகவும் மாமா சொன்னார். அப்பா ரசத்தைக் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். "கண்ணாடி எடுத்துட்டுப் போகல அன்னைக்கு. எழுத்து சரியாத் தெரியல" என்றார். யாரும் நம்பவில்லை. அவரும் அதை இரண்டாவது தடவை சொல்லவில்லை.

இருட்டப்போகிற நேரத்தில் கேட்டருகே நின்று, அவர் பையைப் பிடுங்கி, உனக்கு ஒரு சிடி வாங்கத் தெரியல என்று கத்திய அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை இழுத்து ஓர் அறை விடலாம்போல இருந்தது. விவரம் இல்லாதவர் என்று என்னிடம் பெயர் வாங்கிக்கொண்டு, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, கைகால் கழுவப் போன அந்த மனுஷனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். வேலூரிலிருந்து அவர் அன்று வெறுங்கையோடு வந்தார் என்றுதான் இத்தனை காலமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.